மாப்பிள்ளை வாட்ச்

"ரோலெக்ஸா, ஒமேகாவா? சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். அப்பா கேட்கறார்" என்றாள் சேபோம் போனில்.

நம்கில் அலுவலகத்தில் நின்றபடியே காபி குடித்துக்கொண்டிருந்தான். காகிதக் கோப்பை தயாரிக்கும் கம்பெனியில் விற்பனைப் பிரிவு. முப்பத்தைந்து வயது வரை வாட்ச் கட்டியதே இல்லை. மணி தெரிய வேண்டுமென்றால் போனைப் பார்ப்பான். போன் கையில் இல்லையென்றால் பக்கத்து மேசைக்காரரைப் பார்ப்பான். வசந்தத்தில் சேபோமோடு கல்யாணம், மண்டபத்துக்கு முன்பணம்கூடக் கட்டியாகிவிட்டது. பெண் வீட்டில் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். எந்த வாட்ச் என்பதை மாப்பிள்ளை தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான் தெரியாது.

"எதுவா இருந்தாலும் சரி" என்றான். அடக்கமாகப் பேசிவிட்டோம் என்று உள்ளூர ஒரு திருப்தி.

அது நீடிக்கவில்லை.

"எதுவா இருந்தாலும்னா என்ன அர்த்தம்? எங்கப்பா வாங்கித் தர்றது உனக்கு ஒரு பொருட்டே இல்லையா?"

"ஐயோ, அப்படி இல்ல சேபோம்..."

"அக்கா வீட்டுக்காரர் அன்னிக்கு டக்குனு ஒமேகான்னார். அப்பாவும் டக்குனு வாங்கிக் குடுத்தார். அதோட வேலை முடிஞ்சது. நீயும் ஒண்ணைச் சொல்லித் தொலையேன்."

"அப்பா எதை விரும்பறார்?"

"'மாப்பிள்ளையே பார்த்துச் சொல்லட்டும், எனக்கு எல்லாம் ஒண்ணுதான்'னு சொல்லிட்டார்."

இப்படிப் பெருந்தன்மையாகச் சொல்லும் ஆளிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும். வருங்கால மாமனார் திரு. ஓ, ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கூடத்தில், வருபவர் கண்ணில் முதலில் படும்படி, தூரிகையால் எழுதிச் சட்டம் போட்ட ஒரே ஒரு சொல் தொங்கும்: நேர்மை. பெண் கேட்கப் போன அன்று நம்கில் அதற்கு நேர் கீழேதான் முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தான். "பொய் சொல்றவன் இந்த வாசப்படியை மிதிக்க முடியாது" என்று அவர் தொடங்கிய பேச்சு முடிந்தபோது அவன் கால் இரண்டும் மரத்துப் போய், சேபோம்தான் தூக்கி நிறுத்தினாள்.

நம்கில் தன் பிரச்சினையை மேனேஜர் குவாக்கிடம் கொண்டு போனான். அலுவலகத்தில் வாட்ச் என்றால் குவாக்தான். மூன்று வருடம் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்து மிச்சம் பிடித்து ஓர் ஒமேகா வாங்கியவர். அதன் பிறகு அவர் முழுக்கைச் சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை.

"எதுவா இருந்தாலும் சரின்னியா? அட பாவி" என்றார் குவாக். போனில் ஒரு படத்தைத் திறந்து காட்டினார். உலகத்து வாட்ச் கம்பெனிகளின் பெயர்களெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி மாடி மாடியாக எழுதப்பட்டிருந்தன. "இதைப் பார்க்காம எந்த ஆம்பளையாவது கல்யாணம் பண்ணுவானா? உன் சகலை எந்த மாடி?"

"ஒமேகா."

"அப்ப கேட்டுக்கோ. அதுக்குக் கீழ்மாடின்னா உங்கம்மாவுக்கு அவமானம். மேல்மாடின்னா சகலைக்கு அவமானம். மாமனாருக்கும் மேல போயிட்டா உனக்கே அவமானம். அவர் கையில என்ன கட்டியிருக்கார்?"

"தெரியல சார். எப்பவும் சட்டைக் கை பட்டனைப் போட்டுத்தான் இருப்பார்."

"ஆழமான மனுஷன்" என்றார் குவாக் மரியாதையோடு. "பேசாம ஒமேகான்னு சொல்லிடு. சகலைக்குச் சமம், யாருக்கும் வருத்தம் இல்ல. இங்க பாரு." தன் மணிக்கட்டை நம்கிலின் மூக்குக்கு நேரே நீட்டினார். "வினாடி முள் எப்படி வழுக்கிக்கிட்டுப் போகுது பார்த்தியா? போலின்னா உள்ள பேட்டரி இருக்கும். முள் நொண்டி நொண்டிப் போகும். டிக், டிக்னு சத்தம் வேற. கேட்கவே கூசும்."

நம்கில் சேபோமுக்கு 'ஒமேகா' என்று செய்தி அனுப்பினான். அவள் வழியாக மாமனாரிடமிருந்து 'சரி' என்று உடனே பதில் வந்தது. ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தான்.

சாயங்காலம் அம்மாவின் சலவைக் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது, அம்மா இஸ்திரிப் பெட்டியை அப்படியே ஒரு கால்சட்டையின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒமேகாவா? நான் ரோலெக்ஸ்னு சொல்லியாச்சு!"

"யார்கிட்ட?"

"சர்ச்சுல பாட்டுக் குழு முழுக்க! அந்த ஆல்ட்டோ குரல்காரி இருக்காளே, அவ பையனுக்கு ரோலெக்ஸ் போட்டாங்கன்னு மூணு மாசமா அதையே பாடிக்கிட்டிருக்கா. நான் மட்டும் வாயை மூடிக்கிட்டு நிக்கவா?"

"அம்மா, அவங்க இன்னும் வாங்கவே இல்லம்மா..."

"வாங்காததும் நல்லதுதான். மாத்திச் சொல்லு. உங்கப்பா போனப்புறம் தனியா நின்னு துணி தேய்ச்சு உன்னை வளர்த்தேன். ஒரே ஒரு நாள் தலை நிமிர்ந்து நிக்கணும்னு ஆசைப்பட்டா, அதுவும் தப்பாடா?"

கால்சட்டையிலிருந்து புகை வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். அழுகை வாட்ச்சுக்கா கால்சட்டைக்கா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நம்கில் இல்லை. அங்கேயே நின்று 'ரோலெக்ஸ்' என்று செய்தி அனுப்பினான்.

'சரி' என்று உடனே பதில் வந்தது. விலை இவ்வளவு ஏறுகிறதே என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் பெருந்தன்மையை நினைத்து நம்கிலுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் சகலை கூப்பிட்டார். பெயர் தொங்சிக். கார் விற்பனையாளர். பன்றி இறைச்சி சுடும் கடைக்கு வரச் சொல்லி, எதிரே உட்கார வைத்து, தானே இடுக்கியை எடுத்து இறைச்சியைப் புரட்டினார். வலக்கைக்காரர்தான், ஆனால் இடக்கையால் புரட்டினார். அந்தக் கையில்தான் ஒமேகா இருந்தது.

"சாப்பிடு தம்பி. ரோலெக்ஸாமே?"

"அண்ணே, அது வந்து..."

"நல்ல வாட்ச். கட்டிக்கோ. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்." ஒரு கிளாஸ் சோஜு மதுவை ஒரே மடக்கில் குடித்தார். "கல்யாணத்தன்னிக்கு நான் பாட்டுக்கு ஒரு மூலையில உட்கார்ந்துக்கறேன். போட்டோவுல வேணும்னா நான் நகர்ந்துக்கறேன்."

"ஐயோ அண்ணே!"

"உங்க அண்ணி சாப்பிடவே இல்ல. அப்பாவுக்குச் சின்னவதான் செல்லம்னு புலம்பறா. நான்தான் சமாதானம் சொன்னேன். நம்ம தகுதிக்கு ஒமேகா போதும்னு சொன்னேன்."

நம்கில் எடுத்த இறைச்சித் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் கையைப் பார்த்தான். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, ஒமேகா மட்டும் பத்து மணி பத்து நிமிடம் காட்டியது.

"அண்ணே, உங்க வாட்ச் நின்னிருக்கு போல."

"போன வருஷமே நின்னுபோச்சு. கடையில குடுத்துப் பார்க்கலாம்னா மாமா விடல. 'வேற எவன் கையிலயும் குடுத்துடாதீங்க, எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார், நானே கொண்டுபோறேன்'னார். வயசாச்சு, பாவம், மறந்து மறந்து போயிடறார்." சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "போகட்டும், ஒமேகாவை மணி பார்க்கவா கட்டறோம்?"

விடைபெறும்போது நம்கில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு மேல போக மாட்டேண்ணே" என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

"ரெண்டு பக்கமும் இடிக்குதா?" என்றார் குவாக் மறுநாள் காலை. "அப்ப அந்த மாடிப் படத்துலயே இல்லாத பேரா ஒண்ணைச் சொல்லு. யாரும் கேள்விப்பட்டிருக்கவே கூடாது. உசத்தியா தாழ்த்தியான்னு எவனுக்கும் தெரியாது. மோன்ட்ரவேல்னு ஒண்ணு இருக்கு. சுவிஸ்ல ஏதோ மலைக்கிராமத்துல செய்யறாங்க."

குவாக் அந்த வாட்ச்சின் படத்தைத்தான் பார்த்திருந்தார். விலையை அவரும் பார்க்கவில்லை, நம்கிலும் பார்க்காமலே அந்தப் பெயரைச் சேபோமுக்கு அனுப்பிவிட்டான்.

சேபோம் பார்த்தாள். மதியமே நம்கிலின் அலுவலக வாசலுக்கு வந்து நின்றாள். அவள் வேலை செய்யும் பல் மருத்துவமனையின் உடைகூட மாற்றவில்லை.

"இது என்ன விலைன்னு பார்த்தியா?" போனை அவன் முகத்துக்கு முன் பிடித்தாள்.

நம்கில் பார்த்தான். சைபர்களை எண்ணத் தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டான்.

"இந்த விலைக்கு ஒரு கார் வாங்கலாம்! எங்கப்பா என்ன, கப்பல் கம்பெனியா வெச்சிருக்கார்?"

"எனக்குத் தெரியாது சேபோம், சத்தியமா... அப்பா என்ன சொன்னார்?"

"'சரி'ன்னுதான் சொன்னார். ஆனா முதல் தடவையா முகம் மாறிப்போச்சு. 'இது கிடைக்குமான்னு தெரியலையே'ன்னு முணுமுணுத்தார். பேரைச் சரியா எழுதி அனுப்பச் சொன்னார். வெளியில போய்ட்டு வந்து சோர்ந்து உட்கார்ந்துட்டார். ஓய்வூதியப் பணத்துல கை வைக்கப் போறாரோன்னு எனக்குப் பயமா இருக்கு." அவள் குரல் உடைந்தது. "உண்மையைச் சொல்லு. நீ வாட்ச்சைக் கட்டிக்கப் போறியா, என்னைக் கட்டிக்கப் போறியா?"

"உன்னைத்தான்!"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு குடும்பமும் உட்கார்ந்து சாப்பிடப் போறோம். அங்க இந்த வாட்ச்சால ஒரு சின்ன மனஸ்தாபம் வந்தாலும் சரி, கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுடுவேன். தள்ளிப் போட்ட கல்யாணம் என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

தெரியும். நான்கு வருடமாக மழை நாளில் ஒரே குடையில் போனவர்கள் அவர்கள். குடையை அவள் பக்கம் சாய்த்துச் சாய்த்து நம்கிலின் கோட்டுகள் எல்லாவற்றிலும் இடது தோள் வெளுத்துப் போயிருந்தது. அவள் இல்லாமல் அந்தக் குடைக்குள் தனியாக நடப்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

உடனே மாமனாருக்குப் போன் போட்டான். "மாமா, எனக்கு வாட்ச்சே வேண்டாம். நீங்க சிரமப்படக் கூடாது."

அந்தப் பக்கம் நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது. "நல்ல மனசு மாப்பிள்ளை, உங்களுக்கு. ஆனா பெரியவருக்குப் போட்டுட்டுச் சின்னவருக்குப் போடலேன்னா நாலு பேர் என்ன சொல்வாங்க? மோன்ட்ரவேல் மட்டும் விட்டுடுங்க. ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்."

இத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு வழியாகக் கரை சேர்ந்திருப்பான். ஆனால் அன்று சாயங்காலமே அம்மா, "கையில ரோலெக்ஸ் இல்லாம நீ வந்தா நான் சாப்பாட்டுக்கு வரல. தலைவலின்னு சொல்லிடு" என்றாள். "வாங்கியாச்சும்மா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அந்தப் போனை வைப்பதற்குள் தொங்சிக் கூப்பிட்டு, "தம்பி, என்னதான் முடிவு பண்ணினே?" என்றார். "உங்களுக்குச் சமமா ஒமேகாதாண்ணே. வாங்கியாச்சு" என்றான். "அப்படியா! ஞாயித்துக்கிழமை ரெண்டு கையையும் சேர்த்து வெச்சு ஒரு போட்டோ எடுப்போம்!" என்று தொங்சிக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

ஆக, அம்மாவுக்கு ரோலெக்ஸ். சகலைக்கு ஒமேகா. மாமனாருக்கு வெறுங்கை.

ஒமேகாவுக்கு வழி இருந்தது. குவாக்கின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரு நாள் இரவலாக வாங்கினான். தன் கையிலிருந்து அதைக் கழற்றும்போது குவாக் பிள்ளையை விடுதியில் சேர்க்கும் தகப்பன் போல இருந்தார். "கை கழுவும்போது கழட்டாதே. கழட்டினா கழுவாதே" என்றார். அவருக்கே அது புரிந்ததா என்று தெரியவில்லை.

ரோலெக்ஸுக்குப் பழைய சந்தைக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் போக வேண்டியிருந்தது. பெல்ட்டும் குடையும் தொங்கும் ஒரு பெட்டிக்கடை. மேலே பார்த்தபடி நம்கில் தயங்கித் தயங்கிக் கேட்டதும், கடைக்காரர் கீழே குனிந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார்.

"மாப்பிள்ளைக்கா? முகூர்த்த சீசன், நல்லா போகுது. எந்தப் பேர் வேணும்? எந்தப் பேர் எடுத்தாலும் ஒரே விலைதான்."

"ரோலெக்ஸ். சத்தம் வருமா?"

"கொஞ்சம் வரும். அமைதியான இடத்துக்குக் கட்டிக்கிட்டுப் போகாதீங்க."

இரண்டு குடும்பங்கள் முதல்முதலாக உட்கார்ந்து சாப்பிடும் தனியறையைவிட அமைதியான இடம் நாட்டிலேயே கிடையாது. சுற்றிலும் காகிதக் கதவு. நடுவே நீளமான மர மேசை. நம்கிலும் அம்மாவும் ஒரு பக்கம். எதிரே திரு. ஓ, சேபோம், தொங்சிக். தொங்சிக்கின் மனைவி குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. பரிமாறும் அம்மாள் பட்டுப் பாவாடை தரையில் உரச வந்து, கிண்ணங்களைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து, அவள் முகத்தில் எந்த உணர்ச்சியும் மிச்சமில்லை.

நம்கிலின் இடக்கையில் போலி ரோலெக்ஸ். வலக்கையில் குவாக்கின் ஒமேகா. இரண்டின் மேலும் சட்டைக் கை, அதன் மேல் கோட்டு. வரும் வழியில் காரில் அம்மாவுக்கு இடக்கையை ஒரு முறை காட்டிவிட்டான். அம்மா உள்ளம் குளிர்ந்து போனாள். வாசலில் தொங்சிக்குக்கு வலக்கையை லேசாகக் காட்டிக் கண் சிமிட்டினான். அவரும் உள்ளம் குளிர்ந்து போனார். இனி இரண்டு மணி நேரம் கையை நீட்டாமல் சாப்பிட்டுவிட்டால் கல்யாணம் நடந்துவிடும்.

திரு. ஓ கொண்டுவந்த இளஞ்சிவப்புத் துணி முடிச்சை மேசையின் நடுவில் வைத்தார். உள்ளே சதுரமாக ஒரு பெட்டி இருப்பது தெரிந்தது.

"மாப்பிள்ளைக்கு ஒரு சின்னப் பரிசு. சாப்பிட்டுட்டுப் பிரிக்கலாம்" என்றார்.

அம்மா குழம்பினாள். அதான் கையில் இருக்கிறதே, இது வேறா? "சம்பந்தி, நீங்க ஏற்கெனவே செஞ்சதே பெரிசு. அந்த ரோ..."

"அம்மா, இந்த இறால் நல்லாயிருக்கு பாருங்க!" நம்கில் ஓர் இறாலை அவள் வாய்க்கு நேரே கொண்டுபோனான்.

டிக், டிக், டிக், டிக்.

பேச்சு நின்ற இடத்திலெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. காரில் இவ்வளவு கேட்கவில்லை. இங்கே இரட்டிப்பாகிவிட்டது போலிருந்தது. மர மேசைதான் காரணம் என்று நினைத்து நம்கில் இடக்கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அப்படியும் கேட்டது. சேபோம் அவனை உற்றுப் பார்த்தாள்.

"ஏன் ஒத்தைக் கையால சாப்பிடற? உடம்பு சரியில்லையா?"

"இல்ல, இல்ல. சும்மா."

திரு. ஓ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் மதுக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். "மாப்பிள்ளை, ஒரு வாய் ஊத்துங்க."

நம்கில் கெண்டியைப் பார்த்தான். எதையெல்லாமோ யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. பெரியவருக்கு மது ஊற்றுவதென்றால் இரண்டு கையும் வேண்டும். வலக்கையில் கெண்டியைப் பிடித்து, இடக்கையால் வலது முழங்கைக்குக் கீழே தாங்கிக்கொண்டு, மேசைக்குக் குறுக்கே நன்றாக நீட்ட வேண்டும். கையை நீட்டினால் சட்டை மேலே ஏறும். அது மரியாதைக்குக் கட்டுப்படாது.

நீட்டினான். சட்டை ஏறியது. ஒமேகா பளபளவென்று வெளியே வந்தது.

"ஆகா, வந்துட்டாருய்யா!" என்று தொங்சிக் கை தட்டினார். தன் இடக்கையையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

"என்னடா இது?" என்றாள் அம்மா. "ரோலெக்ஸ் எங்கடா?"

நம்கிலின் மூளை அந்த இடத்தில் நின்றுவிட்டது. வலக்கையை மறைக்க வேண்டும் என்பது மட்டும் தோன்றியது. கெண்டியை இடக்கைக்கு மாற்றினான். மாமனாருக்கு இடக்கையால் ஊற்றும் மாப்பிள்ளையை அந்த நாடு அதுவரை பார்த்திருக்காது. அதிர்ச்சியில் சேபோம் வாயைப் பொத்தினாள். இடது சட்டையும் ஏறியது. ரோலெக்ஸும் வெளியே வந்தது.

மது கிண்ணத்தில் நிரம்பி, வழிந்து, மேசையில் ஓடி, பொரித்த காளானை நனைத்தது. யாரும் துடைக்கவில்லை.

டிக், டிக், டிக், டிக்.

"ரெண்டு வாட்ச்" என்றார் திரு. ஓ.

நம்கில் கெண்டியைக் கீழே வைத்தான். இனி ஒளிக்க அவனிடம் கையே மிச்சமில்லை. "மாமா, மன்னிச்சிடுங்க. வலக்கையில இருக்கறது எங்க மேனேஜரோடது. இரவல். இடக்கையில இருக்கறது... போலி."

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். தொங்சிக் தன் கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"போலி" என்று திரு. ஓ திருப்பிச் சொன்னார். அந்தக் காலத்தில் வகுப்பறையைப் பதினைந்து நொடியில் அடக்கிய குரல். "எங்க வீட்டுக் கூடத்துல என்ன எழுதியிருக்கு, மாப்பிள்ளை?"

"நேர்மை, மாமா."

"அதுக்குக் கீழ உட்கார்ந்துதானே என் பொண்ணைக் கேட்டீங்க? வாட்ச் இல்லாம வந்திருந்தா நான் உங்களைக் கட்டிப் பிடிச்சிருப்பேன். போலியைக் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்களே! போலி வாட்ச் கட்டின கையில என் பொண்ணோட கையை நான் எப்படிப் பிடிச்சுக் குடுப்பேன்?" துணி முடிச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இந்தக் கல்யாணத்தைப் பத்தி நான் யோசிக்கணும்."

"அப்பா!" என்றாள் சேபோம்.

"நீ சும்மா இரு. எல்லாத்தையும் பொறுத்துப்பேன். ஏமாத்தறவனை மட்டும் பொறுத்துக்க மாட்டேன்."

மீன் குழம்போடு உள்ளே வந்த பரிமாறும் அம்மாளை அவர் கை காட்டி நிறுத்தினார். "அம்மா, முதல்ல அந்த வாட்ச்சை வெளியில எங்கயாவது கொண்டுபோய் வைங்க. இந்த டிக் டிக்கைக் கேட்டுக்கிட்டு என்னால ஒரு வாய் சாப்பிட முடியாது."

நம்கில் ரோலெக்ஸைக் கழற்றினான். கொக்கி சீக்கிரம் வரவில்லை. அந்த அம்மாள் அதை ஒரு காலித் தட்டில் வாங்கிக்கொண்டு, எந்த உணர்ச்சியும் இல்லாமல் வெளியே போய்க் கதவை இழுத்து மூடினாள். எல்லாம் முடிந்தது என்று நம்கிலுக்குத் தோன்றியது. அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவும் தெம்பில்லை. "வாட்ச் வேண்டாம் சேபோம்" என்றான். "நிஜமாவே எனக்கு எந்த வாட்ச்சும் வேண்டாம். யார் மனசும் நோகக் கூடாதுன்னுதான்..."

சேபோம் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்பா பார்க்க, எல்லோரும் பார்க்க, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவனுடைய வெறும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அறை அமைதியானது.

டிக், டிக், டிக், டிக்.

அம்மா தலையைத் தூக்கினாள். சேபோம் நம்கிலின் வலக்கையைப் பார்த்தாள். ஒமேகாவின் முள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டிருந்தது. மூன்று பேர் கண்ணும் மெல்ல நகர்ந்து தொங்சிக்கின் மேல் நின்றது.

"என்னை ஏன் பார்க்கறீங்க?" தொங்சிக் பதறிப்போய் வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தார். "என்னுது நின்னுபோய் ஒரு வருஷம் ஆச்சு! அதோட, இது மாமா கையால வாங்கிக் குடுத்ததுங்க!"

திரு. ஓ மட்டும் எதையும் பார்க்கவில்லை. நனைந்த காளானை மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தார்.

கதவு திறந்தது. பரிமாறும் அம்மாள் மீன் குழம்பை மேசையின் நடுவில் இறக்கி வைத்தாள். நிமிரப் போனவள் அப்படியே நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள். பிறகு அந்த இளஞ்சிவப்புத் துணி முடிச்சைக் காட்டி, தணிந்த குரலில், மிகுந்த மரியாதையோடு சொன்னாள்:

"ஐயா, இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறதையும் வெளியில கொண்டுபோய் வெச்சிடட்டுங்களா?"